கேட்கிறது என்று சொன்ன காது

மூன்று மாதத்துக்கு ஷெட் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தே பதினெட்டு வருஷம் ஓட்டியவனை நாற்காலியில் உட்காரவைத்தால் அவன் என்ன செய்வான்? கொல்லையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மகளுடைய பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் இதை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காதில் சீழ் வடிகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களில் நாலு பேராவது இதைப் படித்துவிட்டு, என்னைப்போலச் சொந்தமாகப் பரீட்சை வைத்து, சொந்தமாக மார்க்கும் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

என் பெயர் சவரிமுத்து. ஓசூரில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் மேஸ்திரி. முதலாளிக்குத் தெலுங்கு, டிரைவர்களில் பாதிப் பேருக்குக் கன்னடம், எனக்குத் தமிழ். ஷெட்டுக்குள் மூன்றும் கலந்துதான் ஓடும். ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது என் வலது காது அடியோடு போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. ஒரு காதை வைத்துக்கொண்டே கல்யாணம் பண்ணினேன், மேஸ்திரி ஆனேன். இடது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் வரும். மழைக்காலத்தில் வடியும், வெயிலில் காய்ந்துவிடும். சனிக்கிழமைதோறும் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றிப் பஞ்சை அடைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சீழில் நாற்றம் வர ஆரம்பித்தது. அதோடு, ஜனங்கள் எல்லாரும் திடீரென்று முணுமுணுத்துப் பேசுவதாகத் தோன்றியது. கோயிலில் சாமியார் முணுமுணுத்தார். கண்டக்டர்கள் முணுமுணுத்தார்கள். என் மனைவி லூர்து முணுமுணுப்பதில் எல்லாரையும் மிஞ்சினாள். யார் எதைச் சொன்னாலும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமா" என்பேன். அல்லது "ம்" என்பேன். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு காலம் பிழைக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில், டாக்டர் பதில் சொல்லும் பகுதியில், கைக்கடிகாரத்தை வைத்து வீட்டிலேயே காதைச் சோதித்துக்கொள்ளும் வழி போட்டிருந்தார்கள். எங்களிடம் கைக்கடிகாரம் இல்லை, டைம்பீஸ்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்காருவேன். கண்ணை மூடிக்கொள்வேன். லூர்து டைம்பீஸைக் கையில் பிடித்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் போவாள். சத்தம் நின்றதும் நான் கையைத் தூக்க வேண்டும். என் மகள் ஆக்னஸ் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, நோட்டில் எழுதிவைப்பாள். முதல் ஞாயிற்றுக்கிழமை எட்டடி. கிறிஸ்துமஸுக்கு ஐந்து. தவக்காலம் வந்தபோது இரண்டு.

பத்திரிகையில் சொல்லாததையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். தீக்குச்சி உரசுவது, முறத்தில் அரிசி விழுவது, தரையில் காலணா போடுவது, பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டுவது, ஆக்னஸ் காதோரம் குசுகுசுப்பது என்று ஒரு பட்டியலே இருந்தது. அரிசி முதலில் போயிற்று. அடுத்து தீக்குச்சி. பிறகு ஆக்னஸ். சொம்பும் இடியும் பஸ் ஹாரனும் பாஸ்.

அப்போதே நான் பெங்களூர் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அதற்குக் காரணம் என் தொழில்.

எங்கள் தொழிலில் இன்ஜினுக்குள் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீளமான திருப்புளியின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வோம். டேப்பட் சத்தமா, பேரிங் சத்தமா, பிஸ்டன் இடிக்கிறதா என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஓசூரில் அதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். அந்தத் தவக்கால ஞாயிறு, கோடு இரண்டடிக்கு வந்துவிட்ட கடுப்பில், திருப்புளியை எடுத்து டைம்பீஸ் மேல் ஊன்றி எலும்பில் வைத்தேன். டக் டக்கென்று மண்டைக்குள் சுத்தியல் அடித்ததுபோல் கேட்டது. சந்தேகத்துக்கு வலது பக்கம் மாற்றி வைத்தேன். செத்துப்போய் முப்பது வருஷமான காது. அதிலும் கேட்டது.

"லூர்து, இங்க வா. வலது காதும் உசுரோட எந்திரிச்சிடுச்சி," என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். "அப்போ நான் சமையக்கட்டுல இருந்து கூப்புட்டா ஏன் கேக்க மாட்டேங்குது?"

"நீ மெதுவா பேசற."

"நானா மெதுவா பேசறேன்? எதிர்வீட்டுக்காரம்மா என்னா சண்டன்னு வந்து எட்டிப் பாக்குது."

திருப்புளியை விட என் பெண்டாட்டி சொல்வதையா நம்புவேன்? பதினைந்து வருஷமாக அது என்னை ஏமாற்றியதில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். எண்ணெயை இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன். லூர்து இன்னும் சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

பசப்பா என் கூட்டாளி. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், ஸ்பிரிங் பட்டை வேலையில் கெட்டிக்காரர். போன ஆடி மாதம் ஒருநாள் அவர் பஸ்ஸுக்கு அடியில் இருந்தார். நான் ஜாக்கி பக்கத்தில் இருந்தேன். அவர் வேலை முடிந்தது என்று சொன்னதும் நான் வண்டியை இறக்க வேண்டும். அடியிலிருந்து ஏதோ சொன்னார். முகம் தெரியவில்லை. நான் வழக்கம்போல "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இறக்கினேன்.

அவருடைய இடது கையில் இரண்டு விரல் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு வண்டியைத் தூக்கினார்கள். ஆள் பிழைத்ததே புண்ணியம்.

மறுநாள் கையில் பெரிய கட்டோடு பசப்பா என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தரம் கூப்புட்டேன், சவரி," என்றார். "இன்னும் ஆகல, இருன்னு சொன்னேன். நீ ஆமான்னே. அப்பறம் எறக்கிட்டே."

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. இடது பக்கத் தலை முழுவதும் வலி, குனிந்தால் தலை சுற்றியது. ஓசூர் டாக்டர் என் காதிலிருந்து பஞ்சை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். "நாளைக்கே போ" என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் கேட்டது.

அத்திப்பள்ளி வழியாகப் போகிற காலை பஸ்ஸில் நானும் லூர்துவும் போனோம். எங்கள் ராஜ்யத்தில் மதுவிலக்கு என்பதால் பாதி பஸ் எல்லை தாண்டியதும் இறங்கிக்கொள்ளும். அன்றைக்கு அவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு முன்னால் நாலு பெஞ்சு. அதில் உட்கார இடம் கிடைக்க இரண்டு மணி நேரம், உள்ளே போக இன்னும் இரண்டு மணி நேரம். பெயரைக் கூப்பிடுகிற ஆள் கதவுக்கு உள்ளேயிருந்து கூப்பிடுவார். காது கேளாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் புத்தி யாருக்கு வந்ததோ தெரியவில்லை. லூர்து எனக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்காகவும் சேர்த்துக் கேட்டுச் சொன்னாள்.

டாக்டர் என் வயதுக்காரர், கன்னடக்காரர். தமிழும் கொஞ்சம் வரும். முதலில் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார். பெயர், ஊர், வேலை, எத்தனை பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். அடுத்து அவர் மேஜையில் கிடந்த ஃபைலை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஃபைலுக்கு மேலே அவர் கண்கள் மட்டும் என்னையே பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து ஃபைலை இறக்கினார்.

"கேளிசுத்தா? கேட்டுதா?"

"ஆமா," என்றேன்.

"என்ன சொன்னேன்?"

நான் மறுபடி அவர் வாயையே பார்த்தேன். "காதால கேக்கல நீங்க. என் வாயைப் பார்த்துக் கேட்கறீங்க. எத்தன வருஷமா இப்படி?" என்றார். எனக்கே தெரியாத ஒரு திருட்டை அவர் கண்டுபிடித்துவிட்டதுபோல் இருந்தது.

பிறகு இரட்டை நாக்குள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்து முழங்கையில் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் இல்லை. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். ரீங்காரம் கேட்டது. நான் உற்சாகமாகி, எனக்கு இது முன்பே தெரியும் என்று திருப்புளிக் கதையைச் சொன்னேன். வலது காது உயிர்த்ததையும் விடவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சாவி கொடுத்தால் கடகடவென்று இரையும் ஒரு சின்னப் பெட்டியை என் இடது காதில் பொருத்தி அந்தக் காதை இரைச்சலால் அடைத்தார். கவையை வலது எலும்பில் ஊன்றினார். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். காதுக்கு வெளி வழி ஒன்று, உள்ளே நரம்பு ஒன்று, நடுவில் சத்தத்தைக் கடத்தும் சின்ன எலும்புகள் மூன்று. பேச்சு காற்றில் வந்து, செவிப்பறையில் பட்டு, அந்த எலும்புகள் வழியாகத்தான் நரம்புக்குப் போகும். திருப்புளியை மண்டையில் வைத்தால் சத்தம் நடு வழியைத் தாண்டிக் குதித்து நேராக நரம்புக்குப் போய்விடும். என் இடது நரம்பு நன்றாக இருக்கிறது. கெட்டது நடு வழி. மண்டை ஓடு முழுக்க ஒன்றாக இருப்பதால், வலது பக்கம் வைத்த திருப்புளியையும் இடது காதுதான் கேட்டிருக்கிறது. எலும்பில் நன்றாகக் கேட்டு, காற்றில் கேட்காமல் போனால் நோய் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல செய்தி என்று ஒரு வருஷம் நான் கொண்டாடியதுதான் நோயின் அடையாளம்.

"உள்ளே தோல் வளருது," என்றார். "வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா. அது எலும்பைத் தின்னும். உங்க காதில எண்ணெய் வேற ஊத்தி வளர்த்திருக்கீங்க." காதுத் துவாரத்தை விரலால் அழுத்தினார். அறை முழுக்கச் சுழன்றது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்றே படுக்கை கொடுத்தார்கள்.

எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. பின்பக்கம் இரண்டும் சல்லடையாகிவிட்டன. வார்டில் கட்டில்கள் நெருக்கமாக இருந்தன. எனக்கு இடது பக்கத்துக் கட்டிலில் பேரிகை ஊர்க்காரர் முனியப்பா. தொண்டையில் கட்டி. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், குரல் வராது. உதட்டை மட்டும் அசைப்பார், அதுவும் தெலுங்கில். நர்சுகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவருக்கு எழுதவும் தெரியாது. இரண்டாம் நாள் காலை அவர் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். நான் கேன்டீனிலிருந்து காப்பி வாங்கிவந்து, சர்க்கரை இல்லாமல், கொடுத்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து முனியப்பாவுக்கு வாய் நான்தான். தலையணை உயரம் போதவில்லை, குழாயில் சளி அடைக்கிறது, மச்சான் தக்காளியை என்ன விலைக்குப் போட்டான் என்று அவர் கேட்டதையெல்லாம் நான் சொன்னேன். சிஸ்டர் ஒருத்தி, "ஏழாம் நம்பருக்குக் காது கேக்காது, எட்டாம் நம்பருக்குப் பேச்சு வராது, ரெண்டு பேரும்தான் இங்க ரொம்பப் பேசறது" என்றாளாம். லூர்து எனக்குச் சொன்னாள்.

சாப்பாடு ஓசூரிலிருந்து வந்தது. லூர்து பகலில் என்னோடு இருந்தால் வீட்டில் ஆக்னஸ் தனி என்பதால், முதல் வாரத்துக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தாள். வராத நாளில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் தூக்குவாளியில் வைத்து எங்கள் பஸ்ஸில் அனுப்பினாள். அதைக் கொண்டுவந்தவர் பசப்பா. விரல் ஆறும்வரை ஷெட்டில் வேலை இல்லை, சும்மாத்தானே இருக்கிறேன் என்றார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையில் தூக்கோடு வார்டு வாசலில் வந்து நிற்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தூக்கைக் கழுவக்கூட என்னை விடமாட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் களி முழுவதையும் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து நோயை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். உடம்பைச் சாயாமல் நிறுத்தும் உள்காதுக் குழாயை நோய் தொட்டுவிட்டது, தலை சுற்றுவது அதனால்தான், அடுத்தது மூளை. ஆனால் சுரண்டும்போது, மிச்சமிருக்கும் சின்ன எலும்புகளும் போகலாம். நரம்புக்கும் ஆபத்து வரலாம். இன்னொரு காது இருக்கிறவனாக இருந்தால் யோசிக்காமல் கத்தியை எடுப்பேன், உங்களுக்கு இருப்பதே இது ஒன்றுதான் என்றார். கையெழுத்துச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. செவிட்டு மேஸ்திரியை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்போதே ஒருவர் விரலை நசுக்கியாயிற்று. வீட்டுக்குப் போய்விடலாம், எத்தனை நாள் இருக்கிறோமோ இருந்துவிட்டுப் போகலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். பைக்குள் வேட்டியை மடித்துவைத்ததை முனியப்பா பார்த்துவிட்டார். "எங்கே?" என்று உதட்டை அசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை யாரும் செய்திருக்க முடியாது. நான் பார்க்காவிட்டால் அவருக்குப் பேச்சே கிடையாது.

அன்று மதியம் லூர்து வந்தாள். என்னிடம் வருவதற்கு முன் டாக்டர் அவளை வராந்தாவில் நிறுத்திவிட்டார். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள். டாக்டரின் முதுகு தெரிந்தது. லூர்துவின் முகம் முழுசாகத் தெரிந்தது. நான் பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அழவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு பேசினாள். பதினாலு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் உதடு, ஓர் எழுத்தும் தப்பவில்லை.

"காது எனக்கு வேணாங்க சார். ஆளு வேணும். நான் கத்திக்கறேன். சாகற வரைக்கும் கத்திக்கறேன்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தூக்கைத் திறந்தபடி, "டாக்டர் ஒண்ணும் பெருசா சொல்லலீங்க, சாப்புடுங்க" என்று கத்தினாள். நான் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என்ன பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. முனியப்பாவிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையணையைச் சரிசெய்யச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலை நாவிதர் வந்து தலையில் இடது பாதியைச் சிரைத்தார். முகத்தில் மூடியை வைத்து மயக்க மருந்து கொடுத்தார்கள். பத்து எண்ணச் சொன்னார்கள், நாலு வரை எண்ணியது நினைவிருக்கிறது. விழித்தபோது தலை முழுக்கக் கட்டு. வாயில் பித்தளை ருசி. கட்டில் தோணி போல் ஆடியது, மூன்று நாள் கண்ணைத் திறந்தாலே வாந்தி. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. கட்டுக்குள் மருந்துத் துணி அடைத்திருப்பதால்தான் அப்படி என்று ஜாடையில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. போய்விட்டது என்றே நினைத்தேன்.

காதுக்குப் பின்னால்தான் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறதாம். அதில் கத்தி பட்டால் முகம் கோணிவிடும். அதனால் தினமும் காலையில் சிஸ்டர் வந்து எதிரே நின்று தானே சிரித்துக் காட்டுவாள், நானும் சிரிக்க வேண்டும். கண்ணை இறுக மூட வேண்டும், விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும். சாகக் கிடப்பவனைச் சிரிக்கச் சொல்லும் ஆஸ்பத்திரி அதுதான். முனியப்பாவும் கூடச் சேர்ந்து உதட்டைக் குவித்தார்.

ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாள் அடைத்த துணியை எடுத்தார்கள். மஞ்சள் மருந்தில் தோய்த்த நாடா, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அந்த வலியை எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசி முழம் வெளியே வந்ததும் கிண்ணத்தில் இடுக்கி விழுந்தது. விழுந்தது எனக்குக் கேட்டது. மங்கலாக, அடுத்த தெருவில் விழுந்ததுபோல். டாக்டர் ஃபைலை வாய்க்கு முன்னால் பிடித்தார். ஓர் அடி தூரத்தில் நின்று பேசினார், "உங்க பேரு என்ன?" என்று கேட்டது. இரண்டடி போனார், குரல் வந்தது, சொல் வரவில்லை. நாலடி போனார், ஒன்றும் இல்லை.

"எலும்பு ரெண்டு போச்சு. நரம்பு பிழைச்சது," என்றார். "இதுதான் இனிமே உங்க காது. கூடாது, குறையாது." நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா, இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை. உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாத களைப்புதான் அதில் பாதி.

முப்பத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். முனியப்பா எனக்கு முன்பே போய்விட்டார், குழாயோடுதான் போனார். முதலாளி வந்து பார்த்தார். இன்ஜினைச் சோதிக்கிற வேலை உனக்கு எப்போதும் உண்டு, திருப்புளிக்குக் காது தேவையில்லை என்கிறார்களே என்றார். ஆனால் ஜாக்கியை இனிமேல் தொடக்கூடாது, பஸ்ஸுக்கு அடியில் ஆள் இருக்கும்போது பக்கத்திலேயே நிற்கக்கூடாது. அது நியாயம். பசப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு விரல் மடங்குவதில்லை.

வந்ததிலிருந்து வாரம் ஒரு தரம் பெங்களூர் போய்க் காதைச் சுத்தம் செய்துகொள்கிறேன். எண்ணெய் கிடையாது, தண்ணீர் படக்கூடாது. டைம்பீஸை எடுக்கட்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்கு எவ்வளவு கேட்கும் என்று தெரிந்துவிட்டது. அதைவிட வேறொன்றும் இந்த வாரங்களில் தெரிந்தது. லூர்து என்னிடம் பேசுவதெல்லாம் கத்திச் சொல்ல முடிகிற சங்கதிகள் மட்டும்தான். சாப்பிட வாங்க, அரிசி தீர்ந்துபோச்சு, மாத்திரை போட்டீங்களா. சும்மா பேசுவது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லாத பேச்சை யாராலும் கத்த முடியாது. அவள் ஏதாவது லேசாகச் சொல்லியிருப்பாள், நான் "ம்" என்றிருப்பேன். அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டிருப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் இதே நாற்காலியில் எழுதிக்கொண்டிருந்தேன். லூர்து என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கும் துவைகல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற ஓசை நின்றது. அவள் குரல் வந்தது, கத்தாத குரல். என்ன சொல் என்று தெரியவில்லை. என் தொண்டையில் "ம்" தானாகப் புறப்பட்டு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினேன்.

"கேக்கல, லூர்து," என்றேன்.

அவள் நனைந்த கையோடு எழுந்து வந்து, என் இடது பக்கத்தில் தரையில் குந்தினாள்.

"என்னா சொன்னீங்க?"

"எனக்குக் கேக்கலன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, சாதாரணமாக, முன்பெல்லாம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்க. அந்த முருங்கையில ரெண்டு மைனா சண்ட போடுது. அதத்தான் பாத்தீங்களான்னு கேட்டேன்."

"எங்க?" என்றேன்.